குடல்வாழ் நுண்ணுயிர்களும் குழந்தைகளின் ஃபோலேட் சத்தும்

மும்பையிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியே புனே நகரை நோக்கி வருவோர், தாபோடியைத் தாண்டி, ஹாரிஸ் பாலத்தின் மீது முளா ஆற்றைக் கடந்தவுடன் நுழையும் முதற்பகுதி போபோடி ஆகும். பவனா ஆறு முளாவுடன் கலக்குமிடம் இதற்கு அருகிலேயே உள்ளது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தாபோடி பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. இக்கரையில் உள்ள போபோடி புனே மாநகராட்சியைச் சேர்ந்தது. அடுத்து இருப்பது கட்கி படைக்குடியிருப்பு. 1869இல் நிறுவப்பட்ட கட்கி போர்த்தளவாடத் தொழிற்சாலையையும், பின்னர் பிம்ப்ரியில் எழுந்த ஆலைகளையும் நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் ஆற்றோரத்தில் நெருக்கமாகக் குடியேறிய பகுதி இது.

இத்தகைய குடியிருப்பில் வாழும் ஆறு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பல வாரங்களாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை குறைகின்றது, முகம் வெளிறியிருக்கின்றது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துச் சோதிக்கின்றனர். இரத்தசோகை உறுதியாகின்றது. ஃபோலேட் எனும் வைட்டமினின் அளவும் சீட்டில் குறிக்கப்படுகின்றது. அந்த எண் குறைவாக இருந்தால் "கீரையும் பருப்பும் போதிய அளவு உண்ணவில்லை" என்றும், நிறைவாக இருந்தால் "இச்சத்தில் குறையில்லை" என்றும் முடிவு செய்வது இயல்பு. ஆனால் குடல் நோயுற்ற குழந்தையைப் பொறுத்தவரை இவ்விரு முடிவுகளுமே தவறாகப் போக இடமுண்டு. உண்ட உணவு, அதனை உறிஞ்சும் குடற்சுவர், குடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த எண்ணை உருவாக்குகின்றன. சத்துக்குறைவைப் போக்க மாத்திரை வழங்கும் திட்டங்களை நடத்துவோர் இதனை அறிந்திருப்பது அவசியம். ஏனெனில், தவறாகப் படிக்கப்பட்ட ஓர் எண் குழந்தையின் நரம்பு மண்டலத்திற்கே ஊறு விளைவிக்கக் கூடும்.

பம்பாய் ஆலைத் தொழிலாளர்களும் ஈஸ்ட் சாறும்

போபோடியை ஒட்டிச் செல்லும் இருப்புப்பாதையின் மறுமுனையான பம்பாயில்தான் ஃபோலேட்டின் வரலாறு தொடங்கிற்று. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி அங்குள்ள ஹாஃப்கின் நிறுவனத்திற்கு வந்து சேர்ந்தார். நெசவாலைகளில் பணிபுரிந்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகையால் இறந்து வந்தனர். அவர்களுடைய செவ்வணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. கிருமித் தொற்றே காரணமோ என்று முதலில் ஆராயப்பட்டது. அதற்குச் சான்று கிட்டவில்லை. பிறகு அப்பெண்கள் உண்ட உணவை ஒத்த உணவை எலிகளுக்கும், பின்னர் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். மலிவான ஈஸ்ட் சாறாகிய 'மார்மைட்' கொடுத்தபோது நோயுற்ற விலங்குகள் தேறின. நோயுற்ற பெண்களும் தேறினர். இம்முடிவு 1931இல் வெளியாயிற்று.

வில்ஸின் பணி பம்பாயோடு நின்றுவிடவில்லை. 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னையில் உயர்சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கென அமைந்திருந்த மருத்துவமனையிலும் அவர் ஆய்வு நடத்தினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே. அவர் கண்ட பொருள் இன்னதென்று தெரியாத நிலையில் 'வில்ஸ் காரணி' என்றே அது அழைக்கப்பட்டு வந்தது.

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் நான்கு டன் பசலைக் கீரையை அரைத்து வடித்து, ஒரு சத்துப்பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதனைச் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். இன்று நாடெங்கும் பள்ளிகளில் வழங்கப்படும் மாத்திரைக்குள் இருக்கும் ஃபோலிக் அமிலம் இவ்வாறு நம் நாட்டோடு இருமுறை உறவு பூண்டது.

ஃபோலேட் என்பது இச்சத்தின் பல வடிவங்களுக்கும் பொதுப் பெயர். ஃபோலிக் அமிலம் என்பது மாத்திரையில் உள்ள செயற்கை வடிவம். உயிரணுக்கள் பிரிந்து பெருகும்போது மரபுப் பொருளைப் படியெடுக்க ஃபோலேட் தேவைப்படுகின்றது. ஆகவே, வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களே இதன் குறைவால் முதலில் பாதிக்கப்படுகின்றன. எலும்பு மச்சையில் உருவாகும் இரத்த அணுக்கள் அவற்றுள் ஒன்று. சில நாட்களுக்கு ஒருமுறை தன்னையே புதுப்பித்துக்கொள்ளும் குடலின் உட்சுவர் மற்றொன்று. எனவே ஃபோலேட் குறைந்தால் குடற்சுவர் நலிகின்றது. குடற்சுவர் நலிந்தால் ஃபோலேட்டை உறிஞ்சும் ஆற்றல் மேலும் குறைகின்றது. கடன்பட்டவன் வட்டி கட்டவே மேலும் கடன் வாங்குவது போன்ற சுழற்சி இது.

தாமே உண்டாக்கிக்கொள்ளும் உயிர்கள்

மனிதன் ஃபோலேட்டைத் தன் உடலில் உருவாக்க இயலாது. கீரை, பயறு, கடலை, ஈரல் முதலிய உணவுகளிலிருந்தே பெற வேண்டும். நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் இது சிதைகின்றது. நீரில் கரைவதால், வேகவைத்த நீரைக் கொட்டுவோர் சத்தையும் சேர்த்தே கொட்டுகின்றனர். உணவில் இது பெரும்பாலும் சங்கிலித் தொடராக இருக்கின்றது. அச்சங்கிலியைச் சிறுகுடலின் மேற்பகுதியில் உள்ள நொதி அறுத்த பின்னரே, குடற்சுவர் ஃபோலேட்டை உள்ளே வாங்குகின்றது. அப்பகுதி புண்பட்டிருந்தால், தட்டில் கீரை இருந்தும் இரத்தத்தில் ஃபோலேட் இராது.

பாக்டீரியாவின் நிலை வேறு. அவற்றுள் பல, பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்னும் எளிய பொருளைக் கொண்டு தமக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. சல்ஃபா மருந்துகளின் வெற்றிக்கு அடிப்படை இதுவே. சல்ஃபா மூலக்கூறு அந்த எளிய பொருளைப் போலவே தோற்றமளித்து, பாக்டீரியாவை ஏமாற்றி, ஃபோலேட் உற்பத்தியை முடக்குகின்றது. மனித உடலில் இவ்வுற்பத்தி நடைபெறாததால் நமக்கு அதே வகையில் தீங்கு நேர்வதில்லை.

குடலில் வாழும் பாக்டீரியா உண்டாக்கும் ஃபோலேட்டில் ஒரு பங்கு நமக்கும் கிட்டுகின்றதா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. சிறுகுடலின் மேற்பகுதியில் பாக்டீரியா உருவாக்கிய ஃபோலேட் மனித உடலில் சேர்வதை 1996இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் நேரடியாகச் செலுத்தப்பட்ட ஃபோலேட் இரத்தத்தை அடைவதை 2009இல் கனடா நாட்டு ஆய்வு உறுதி செய்தது. ஆனால் எல்லா நுண்ணுயிர்களும் கொடையாளிகள் அல்ல. வீட்டுத் தயிரை ஒத்த யோகர்ட்டையே எடுத்துக்கொள்ளலாம்: அதனை உறைய வைக்கும் இருவகைப் பாக்டீரியாவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் ஃபோலேட்டை உண்டாக்குகின்றது, லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ் அதனைச் செலவழிக்கின்றது. ஒரே கிண்ணத்தில் வரவும் செலவும் நடைபெறுகின்றன. குடலிலும் அவ்வாறே. எந்த இனம், எந்த இடத்தில், எவ்வளவு பெருகியிருக்கின்றது என்பதைப் பொறுத்தே இறுதி இருப்பு அமையும்.

வேலூரில் தெளிந்த உண்மை

இப்பொருளில் உலகம் அறிந்த பல செய்திகள் தமிழ்நாட்டு மண்ணில் கண்டறியப்பட்டவை. 1960 முதல் 1962 வரை, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டச் சிற்றூர்களில் விநோதமான வயிற்றுப்போக்கு பரவிற்று. தொடக்கத்தில் சாதாரணக் கழிச்சல் போலவே தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும். உண்ட கொழுப்பு செரிக்காமல் வெளியேறும், நாவில் புண் தோன்றும், உடல் மெலியும், இரத்தசோகை பின்தொடரும். வெப்பமண்டல ஸ்புரூ எனப்படும் நோய் இது. இரண்டாம் உலகப் போரில் இந்திய, பர்மிய முனைகளில் இருந்த படைவீரர்களையும் வாட்டியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் ஊர் ஊராகச் சென்று இந்நோயை ஆராய்ந்தனர்.

இயல்பான சிறுகுடலின் மேற்பகுதியில் பாக்டீரியா மிகக் குறைவாகவே இருக்கும் என்று மேலைநாட்டு நூல்கள் கூறி வந்தன. தென்னிந்தியர்களிடம் நோயில்லாதவர்களின் சிறுகுடலிலும் பாக்டீரியா கணிசமாக இருப்பதை வேலூர் ஆய்வாளர்கள் கண்டனர். குடிக்கும் நீரும் வாழும் சூழலும் குடலின் குடித்தொகையை மாற்றிவிடுகின்றன என்பதே இதற்குப் பொருள். 1980இல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியா வைட்டமின் பி12ஐ உண்டாக்க வல்லவை என்று காட்டிற்று. பி12 விலங்கு உணவுகளிலிருந்தும் பாலிலிருந்தும் மட்டுமே இயற்கையாகக் கிட்டுவது. மரக்கறி உண்போர் மிகுந்த நாட்டில் இக்கண்டுபிடிப்பின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

ஸ்புரூ நோயில் ஃபோலேட் அளவு வீழ்கின்றது. 1940களின் நடுவில் கரீபியத் தீவுகளில் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோதே பல நோயாளிகள் வியக்கத்தக்க வகையில் தேறினர். எனினும் பலருக்கு அது மட்டும் போதவில்லை. ஃபோலிக் அமிலத்தோடு டெட்ராசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தையும் மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுப்பதே வழக்கமாயிற்று. சத்துக் குறைவும் பாக்டீரியாப் பெருக்கமும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை அம்மருத்துவ முறையே சொல்லாமற் சொல்லிற்று. 1980களுக்குப் பின் இந்நோய் கொள்ளைநோயாகப் பரவுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. தனித்தனி நோயாளிகள் இன்றும் காணப்படுகின்றனர்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அறுவை மருத்துவத்தாலோ பிறவிக் கோளாற்றாலோ சிறுகுடலின் ஒரு பகுதியில் உணவு தேங்கி நின்றால், அங்குப் பாக்டீரியா பெருகுகின்றன. அத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் ஃபோலேட் மிகுந்தே காணப்படுவதை 1966இல் இங்கிலாந்து மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். பாக்டீரியா அங்கு ஃபோலேட்டை உண்டாக்குகின்றன. பி12ஐயோ தாமே விழுங்கிவிடுகின்றன. ஸ்புரூவில் குடற்சுவர் பரவலாகச் சிதைந்திருப்பதால் உண்டாகும் ஃபோலேட் உடலில் சேர்வதில்லை. தேக்க நோயில் சுவர் ஓரளவு நலமாக இருப்பதால் சேர்கின்றது. இரண்டிலும் குடலில் பாக்டீரியா மிகுதி. ஆனால் சோதனைச் சீட்டில் ஒன்று தாழ்வு, மற்றொன்று உயர்வு.

குடல் அழற்சியுற்ற குழந்தைகள்

அண்மைக் காலத்தில் நம் நகர்ப்புற மருத்துவமனைகளில் குரோன் நோய், புண்ணுற்ற பெருங்குடல் அழற்சி ஆகிய இரண்டும் குழந்தைகளிடமும் கண்டறியப்படுகின்றன. தொற்றுநோய் அல்லாத நீடித்த அழற்சி நோய்கள் இவை. உடலின் எதிர்ப்பு ஆற்றல் குடல்வாழ் நுண்ணுயிர்களின் மீது அளவு கடந்து பாய்வதே இவற்றின் உட்காரணம் எனக் கருதப்படுகின்றது. இந்தியாவில் குரோன் நோயைக் குடற் காசநோயிலிருந்து பிரித்தறிவது மருத்துவர்க்குப் பெரும் சோதனை. இரண்டும் ஒரே தோற்றம் காட்டுகின்றன, மருந்துகளோ முற்றிலும் வேறு.

வட அமெரிக்காவில் 28 மையங்களைச் சேர்த்து நடத்தப்பட்டு 2014இல் வெளியான பெரிய ஆய்வு, புதிதாகக் குரோன் நோய் கண்டறியப்பட்டு, மருந்து தொடங்காத நிலையில் இருந்த 447 பேரின் குடல் நுண்ணுயிர்களைக் கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். எண்டெரோபாக்டீரியா குடும்பத்தைச் சேர்ந்தவை அவர்களிடம் மிகுந்திருந்தன. நலமுற்றோரிடம் செழித்திருக்கும் பாக்டீராய்டு, குளோஸ்ட்ரிடியா வகையினங்கள் குறைந்திருந்தன. குடற்சுவரிலேயே இம்மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. நோய் முதலா, நுண்ணுயிர் மாற்றம் முதலா என்ற வினாவிற்கு இன்னும் முடிவான விடையில்லை.

ஃபோலேட்டைப் பற்றி இத்தகைய குழந்தைகளிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. நீண்ட நாள் நோயுற்ற பெரியவர்களிடம் ஃபோலேட் குறைவு பல ஆய்வுகளில் பதிவாகியிருந்தது. ஆனால் புதிதாக நோய் கண்டறியப்பட்ட அமெரிக்கக் குழந்தைகளைச் சோதித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நலமுள்ள குழந்தைகளைவிட நோயுற்றவர்களின் செவ்வணுக்களில் ஃபோலேட் மிகுந்திருந்தது. அவர்கள் உணவின் வழி உட்கொண்டதோ குறைவு! அந்நாட்டில் 1998 முதல் மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு வருகின்றது. ஆனால் அம்மாவை இரு சாராரும் உண்டனர். குறைவாக உண்டவரிடம் மிகுந்திருப்பதற்கு மாவு மட்டும் காரணமாகாது. குடல்வாழ் பாக்டீரியாவின் உற்பத்தியில் ஏற்பட்ட மாற்றம் ஒரு காரணமாக இருக்கலாம். உறுதி செய்ய மேலும் ஆய்வு தேவைப்படுகின்றது.

மருந்துகளும் கணக்கில் குறுக்கிடுகின்றன. பெருங்குடல் அழற்சிக்கு நெடுங்காலமாக வழங்கப்படும் சல்ஃபாசலசீன் என்னும் மருந்து, சுவீடன் நாட்டு மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ் உருவாக்கியது. இது விழுங்கியவாறே பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாவால் இரண்டாகப் பிளக்கப்பட்ட பின்னரே பயன் தருகின்றது. நுண்ணுயிரற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில் இப்பிளவு நிகழவில்லை என்பது 1972இல் நிறுவப்பட்டது. அம்மருந்தே சிறுகுடலில் ஃபோலேட் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றது. குரோன் நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், ஃபோலேட்டின் செயலையே முடக்குவது; சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே இம்மருந்துகளைப் பெறும் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலமும் உடன் அளிக்கப்படுகின்றது. சத்தைக் கண்டவரின் கூடமே அச்சத்தின் பகைவனையும் படைத்தது என்பது மருத்துவ வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று.

புனே ஆய்வு விடுக்கும் எச்சரிக்கை

ஃபோலேட் மிகுந்திருந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். இதற்கு விடை புனே நகரிலேயே கிடைத்தது. கே.இ.எம். மருத்துவமனை ஆய்வு மையம், மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் தலைமையில், புனேயை அடுத்த ஆறு சிற்றூர்களில் கருவுற்ற பெண்களின் ஊட்ட நிலையை 1993 முதல் ஆராயத் தொடங்கி, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து வந்தது. 2008இல் வெளியான முடிவுகள் பலரையும் வியப்பில் ஆழ்த்தின. தாய்மாரில் மூன்றில் இரு பங்கினரிடம் பி12 குறைவு காணப்பட்டது. செவ்வணு ஃபோலேட் குறைந்திருந்தவர் ஒரே ஒருவர். கருவுற்ற காலத்தில் ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகள், ஆறு வயதில் உடற்கொழுப்பு மிகுந்தும் இன்சுலினுக்குச் சரிவர இணங்காத உடலோடும் காணப்பட்டனர். பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் இவ்விணக்கமின்மை மிக அதிகமாக இருந்தது. கருவிலிருக்கும் குழந்தைக்கு நரம்புக்குழல் குறைபாடு நேராமல் தடுக்க ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. பி12ஐ மறந்துவிட்டு ஃபோலேட்டை மட்டும் நிரப்புவது முழுமையான செயல் அன்று என்பதே இவ்வாய்வு உணர்த்துவது.

உடலில் இவ்விரு வைட்டமின்களும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. பி12 குறைந்தால், ஃபோலேட் பயன்படுத்த முடியாத வடிவத்தில் சிறைப்பட்டு இரத்த நீரில் தேங்கி நிற்கின்றது. சோதனைச் சீட்டு நிறைவு என்று கூறும்போதே உயிரணுக்கள் அச்சத்தின்றி வாடும். அந்நிலையில் ஃபோலிக் அமிலத்தைத் தாராளமாகக் கொடுத்தால் இரத்தசோகை நீங்கிவிடும். ஆனால் பி12 குறைவால் நரம்புகளுக்கு நேரும் சேதம் வெளித்தெரியாமல் வளரும். வெளிறிய முகம் சிவந்துவிட்டதால் நோய் தீர்ந்ததென்று எண்ணப்படும் குழந்தை, பிறகு கைகால் மரத்துப்போதலோடு திரும்பி வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி, குரோன் நோய் பெரிதும் தாக்கும் இடம். பி12 உறிஞ்சப்படுவதும் அங்கேதான். எனவே குடல் நோயுற்ற குழந்தைகளுக்கு இந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும்.

2016 முதல் 2018 வரை நடத்தப்பட்ட தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வின்படி, 1 முதல் 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 23 விழுக்காட்டினரும், 5 முதல் 9 வயதினருள் 28 விழுக்காட்டினரும், 10 முதல் 19 வயதினருள் 37 விழுக்காட்டினரும் ஃபோலேட் குறைவுடையோர். பி12 குறைவு இதே வரிசையில் 14, 17, 31 விழுக்காடு. குறைவின் அளவை இவ்வெண்கள் தெளிவாகச் சொல்கின்றன. குறைந்தவர்களுள் எத்தனை பேர் உண்ணாததால் குறைந்தனர், எத்தனை பேர் உண்டும் குடலால் இழந்தனர் என்பதை இத்தகைய எண்கள் சொல்ல இயலாது.

மாத்திரையும் கழிவுநீரும்

2018இல் தொடங்கப்பட்ட இரத்தசோகையற்ற இந்தியா இயக்கம் வகுத்த அளவின்படி, 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட திரவ மருந்து. 5 முதல் 9 வயதினருக்கு வாரம் ஒருமுறை 45 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட இளஞ்சிவப்பு மாத்திரை. குடற்புழு நீக்கமும் இவ்வியக்கத்தில் அடங்கும். ஊட்டக்குறைவல்லாத காரணங்கள் என்ற பகுதியில் மலேரியா, பரம்பரை இரத்தக் கோளாறுகள், ஃப்ளூரைடு நச்சு ஆகியவை குறிப்பிட்டுச் சொல்லப்பட்டன. நீடித்த குடல் நோய் அவ்வரிசையில் தனியிடம் பெறவில்லை. மாத்திரைகளில் பி12 இல்லை. செறிவூட்டிய அரிசிக்கென வகுக்கப்பட்ட தரத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றோடு பி12உம் சேர்க்கப்பட்டது பாராட்டத்தக்கது.

வெளித்தோற்றத்தில் நலமாக இருக்கும் குழந்தைகளின் குடலிலும் நோய்க்கிருமிகள் ஓயாது வந்துபோவதை, வேலூர் உள்ளிட்ட எட்டு இடங்களில் பிறப்பு முதல் குழந்தைகளைக் கவனித்த பன்னாட்டு ஆய்வு காட்டிற்று. வயிற்றுப்போக்கு இல்லாதபோதும் இக்கிருமிகள் வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றன. குடலுறிஞ்சிகள் மழுங்குகின்றன, உணவின் சத்து முழுமையாக உடலில் சேர்வதில்லை. அப்படியானால் கழிப்பறையும் குடிநீர்த் தூய்மையும் போதுமே என்று தோன்றும். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் வீடுதோறும் கழிப்பறை மேம்பாடும் நீரைத் தூய்மைப்படுத்தும் குளோரினும் வழங்கிச் செய்யப்பட்ட பெரிய சோதனைகள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் முடிவு தந்தன. குழந்தைகளின் உயர வளர்ச்சியில் அவற்றால் மாற்றம் ஏற்படவில்லை. வீட்டளவில் செய்யும் சிறு ஏற்பாடுகள் போதா. தெருவும் சாக்கடையும் ஆறும் சேர்ந்து தூய்மையடையும் பெருமாற்றம் தேவை என்பதே அம்முடிவுகளிலிருந்து ஆய்வாளர் பலர் கண்ட கருத்து. சிக்கனம் கருதுவோர் இதனை விரும்பமாட்டார்கள்.

போபோடியில் புனே மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று, நாளொன்றுக்கு 1 கோடியே 80 லட்சம் லிட்டர் கொள்ளளவோடு அமைக்கப்பட்டது. முளா-முட்டா ஆறுகளின் மாசைக் குறைக்க, ஜப்பானியக் கடனுதவியுடன், 11 புதிய நிலையங்கள் அமைக்கும் ரூ. 990 கோடித் திட்டம் 2016இல் ஒப்புதல் பெற்றது. ஆனால் ஆற்றின் இரு கரையும் இரு மாநகராட்சிகளுக்கு உரியவை. மேலிருந்து ஒருவர் விடும் கழிவு கீழே மற்றவர் கரையில் ஒதுங்கும். மாத்திரைக்கான செலவு நலவாழ்வுத் துறையின் கணக்கில், அங்கன்வாடி உணவு மகளிர் குழந்தைகள் நலத் துறையின் கணக்கில், கழிவுநீர்க் குழாய் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கணக்கில் எழுதப்படுகின்றன. குழந்தையின் குடல் இக்கணக்குத் தலைப்புகளை அறியாது. 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் கில்லன்-பாரே நரம்பு நோய் பரவியபோது, நோயாளிகள் பலரின் மலத்தில் கேம்பைலோபாக்டர் ஜெஜுனை என்னும் குடற்கிருமி காணப்பட்டது. ஐயம் குடிநீரின் மேல் விழுந்தது. குடலில் தொடங்கியது நரம்பில் வந்து முடிந்ததை அந்நகரம் நேரில் கண்டது.

அடித்தளத்தில் பணிபுரியும் நலவாழ்வு ஊழியர் இவ்வளவையும் மனத்தில் சுமக்க வேண்டியதில்லை. இரத்தசோகையுள்ள குழந்தைக்கு எத்தனை வாரமாக வயிற்றுப்போக்கு, வீட்டின் குடிநீர் எங்கிருந்து வருகின்றது, ஏற்கெனவே என்ன மருந்து கொடுக்கப்படுகின்றது என்ற மூன்று வினாக்களை அட்டையில் குறித்தால் போதும். இரண்டு வாரத்திற்கு மேல் கழிச்சல் நீடித்தால் குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கு ஃபோலேட்டோடு பி12ஐயும் சேர்த்தே சோதிப்பது முறை. இரத்த நீரில் உள்ள ஃபோலேட் அண்மையில் உண்டதையே காட்டும். செவ்வணுவில் உள்ளதோ, அந்த அணு பிறந்தபோது இருந்த நிலையை அதன் ஆயுளாகிய ஏறத்தாழ 120 நாட்களுக்குத் தாங்கி நிற்கும். ஆகையால், சிகிச்சையளவில் ஃபோலிக் அமிலம் தொடங்குவதற்கு முன்பே இரத்தம் எடுக்கப்பட வேண்டும். முதல் மாத்திரைக்குப் பின் எடுத்த இரத்தம் மாத்திரையைப் பற்றியே பேசும்.